ஒரு சோறு எப்போது பதம்? மாதிரியை வைத்து மொத்தத்தைக் கணிப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் சாயங்கால நேரத்தில் கணக்கு ட்யூஷன் எடுக்கிறேன். விகிதசமமும் புள்ளியியலும் நடத்துகிற வாரங்களில் ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வரும். பிள்ளைகள் கேட்டது, அவர்களை அழைத்துப் போக வந்த பெற்றோர் திண்ணையில் உட்கார்ந்தபடி கேட்டது எல்லாவற்றையும் சேர்த்து இங்கே எழுதிவைக்கிறேன். கணக்குக்காக நானே போட்டுக்கொண்ட எண்களுக்கு 'வைத்துக்கொள்வோம்' என்று சொல்லிவிடுகிறேன். அவற்றை யாரும் உண்மைப் புள்ளிவிவரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மாதிரி எடுப்பது என்றால் 'ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்பதுதானே சார்?

அதேதான். ஆனால் பழமொழி ஒரு பாதியைச் சொல்லாமல் விட்டுவிட்டது. சோறு வடிக்கிறவர் முதலில் கரண்டியை விட்டு அடிவரை கிளறுகிறார், அப்புறம்தான் ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்க்கிறார். கிளறாத பானையில் அடியில் குழைந்திருக்கும், மேலே அரிசியாகவே நிற்கும். அந்தப் பானையின் மேலிருந்து நூறு பருக்கை எடுத்தாலும் நூறும் ஒரே பொய்யைத்தான் சொல்லும்.

ஊரையோ வயலையோ கடலையோ கரண்டி விட்டுக் கிளற முடியாது. அதனால் எடுக்கிற கையைக் கிளறுகிறோம். எதை எடுப்பது, யாரைக் கேட்பது என்பதை நம் இஷ்டத்துக்கு விடாமல் குலுக்கலுக்கு விட்டுவிடுகிறோம். இதற்குப் பெயர்தான் சமவாய்ப்பு மாதிரி. மொத்தத்தில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் மாதிரிக்குள் வர ஒரே அளவு வாய்ப்பு இருக்க வேண்டும்.

இதில் விகிதசமம் எங்கே வருகிறது?

மாதிரியில் கிடைத்ததை மொத்தத்துக்குப் பெருக்கும் இடத்தில். வயலில் நின்று பார்த்தால் நன்றாக விளங்கும்.

நெல் விளைச்சலைக் கணிக்கப் 'பயிர் அறுவடைப் பரிசோதனை' என்று ஒன்று செய்வார்கள். வயலில் 5 மீட்டருக்கு 5 மீட்டர் சதுரம் கட்டி, அதற்குள் இருப்பதை மட்டும் அறுத்து, அடித்து, எடை போடுவார்கள். சதுரம் 25 சதுர மீட்டர். ஒரு ஹெக்டேர் 10,000 சதுர மீட்டர், அதாவது 400 சதுரங்கள். சதுரத்தில் 12.5 கிலோ கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். 400-ஆல் பெருக்கினால் ஹெக்டேருக்கு 5,000 கிலோ.

நம் பக்கம் வயதானவர்கள் ஹெக்டேர் என்றால் முகத்தைச் சுளிப்பார்கள். சரி, காணியிலேயே போடுவோம். ஒரு குழி 576 சதுர அடி, 100 குழி ஒரு காணி. ஆக 57,600 சதுர அடி, சதுர மீட்டரில் 5,351 வரும். அதை 25-ஆல் வகுத்தால் 214 சதுரங்கள். 12.5 கிலோவை 214-ஆல் பெருக்கினால் காணிக்கு 2,675 கிலோ. 75 கிலோ மூட்டை என்றால் 36 மூட்டைக்குக் கொஞ்சம் குறைவு. அளவை எதுவாக இருந்தாலும் கேள்வி ஒன்றுதான்: மொத்தத்துக்குள் இந்தச் சதுரம் எத்தனை தடவை அடங்கும்?

கணக்கு இவ்வளவுதான். சண்டை எல்லாம் அந்தச் சதுரத்தை எங்கே கட்டுவது என்பதில். வாய்க்கால் ஓரம் கட்டினால் கதிர் நன்றாக முற்றியிருக்கும், மேட்டு மூலையில் கட்டினால் பாதி பதர். பயிர்க் காப்பீட்டுப் பணம் வர வேண்டும் என்று நினைக்கிறவருக்கு மேட்டு மூலை பிடிக்கும். விளைச்சல் நன்றாகக் காட்ட வேண்டும் என்கிறவருக்கு வாய்க்கால் ஓரம் பிடிக்கும். அதனால் இருவரையும் கேட்பதில்லை. வயலின் தென்மேற்கு மூலையில் நின்றுகொண்டு, சமவாய்ப்பு எண் சொல்கிறபடி நீளவாக்கில் இத்தனை எட்டு, அகலவாக்கில் இத்தனை எட்டு நடந்து, போய்ச் சேர்ந்த இடத்தில் முளை அடிக்கிறார்கள். அங்கே பயிர் சாய்ந்து கிடந்தாலும் 'கொஞ்சம் தள்ளி வைங்க' என்று சொல்லக் கூடாது. அப்படித் தள்ளிவைத்தால் அதுவரை நடந்த நடை வீண்.

இன்னொன்று. அன்று அறுத்த நெல்லில் ஈரம் இருக்கும், அந்த எடையை அப்படியே பெருக்கினால் ஈரத்தையும் சேர்த்து 400 மடங்கு ஆக்கிவிடுவோம். காயவைத்த எடைக்குத் திருத்திக்கொள்ள வேண்டும். மாதிரியில் ஒரு கிராம் தப்பு மொத்தத்தில் எவ்வளவு ஆகும் என்பதை மாணவர்கள் மறப்பது இங்கேதான்.

கண்ணை மூடிக்கொண்டு கைவிட்டு எடுத்தால் அது சமவாய்ப்பு ஆகாதா?

குடத்துக்குள் ஆகும், ஆனால் மனசுக்குள் ஆகாது. வகுப்பில் 'ஒன்றிலிருந்து பத்துக்குள் ஏதாவது ஒரு எண் சொல்' என்று கேட்டுப் பாருங்கள், 7 சொல்கிறவர்கள் அள்ளிக்கொண்டு வருவார்கள். ஒன்றும் பத்தும் அநாதையாக நிற்கும். 'சும்மா யாரையாவது கேட்டேன்' என்கிறபோதும் நம் கால் நமக்குப் பழகிய தெருவுக்கே போகிறது.

இதை நம் ஆட்கள் ஆயிரம் வருடத்துக்கு முன்பே புரிந்துகொண்டிருந்தார்கள். உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு இருக்கின்றன, 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஊரின் 30 குடும்புகளிலும், அதாவது வார்டுகளிலும், தகுதியானவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, நன்றாகக் கலக்கி, ஒன்றும் அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் சொல்கிறது அந்த ஏற்பாடு. அது ஆள் தேர்ந்தெடுக்கும் முறை, கணிப்பு அல்ல. ஆனாலும் நமக்கு வேண்டிய இரண்டு அங்கங்களும் அதில் இருக்கின்றன: ஓலைகளைக் கலக்க வேண்டும், எடுக்கிற கைக்கு எது யாருடையது என்று தெரியக் கூடாது.

வீட்டில் செய்து பார்க்க எக்ஸெல் போதும். அதுவும் இல்லையென்றால் பர்ஸில் இருக்கிற பழைய ரூபாய் நோட்டுகளின் வரிசை எண்ணில் கடைசி இரண்டு இலக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஏடிஎம்மில் இப்போதுதான் எடுத்த புது நோட்டு வேண்டாம், அது வரிசையாக வரும்.

மாதிரியைப் பெரிதாக எடுத்தால் தப்பு தானாகச் சரியாகிவிடாதா?

இந்தக் கேள்விக்கு நானே அடிபட்டுத்தான் பதில் கற்றேன். பல வருடங்களுக்கு முன் வேலை பார்த்த ஒரு பள்ளியில், பஸ்ஸில் வருகிற பிள்ளைகள் எத்தனை பேர் என்று மாணவர்களை வைத்து ஒரு சர்வே எடுத்தோம். எட்டரை மணிக்கு கேட்டில் நின்று, உள்ளே வருகிறவர்களை நிறுத்திக் கேட்டோம். 200 பேரில் 18 பேர் பஸ். பள்ளியில் மொத்தம் 1,100 பேர். 18-ஐ 200-ஆல் வகுத்து 1,100-ஆல் பெருக்க, 99 பேர் என்று வந்தது. அட்டையில் அழகாக எழுதி மாட்டியும் விட்டோம்.

அலுவலகத்தில் பஸ் பாஸ் பதிவேட்டைப் புரட்டிய கிளார்க் சிரித்தார். அதில் முன்னூற்றுக்கும் மேல் பெயர் இருந்தது. நெல்லிக்குப்பம் பக்கமிருந்து வருகிற பஸ் ஒன்பதைத் தாண்டித்தான் வரும். நாங்களோ ஒன்பதுக்கு முன்பே அட்டையை மடக்கிக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டோம்.

ரோஷம் வந்து அடுத்த வாரம் மூன்று நாள் நின்றோம், அதே எட்டரைக்கு. அறுநூறு பேரைக் கேட்டோம். முதலில் வந்த அதே பதில்தான் வந்தது. இப்போது அதில் நம்பிக்கை மட்டும் கூடியிருந்தது. ஒரு பக்கமாகச் சாய்ந்த மாதிரியைப் பெரிதாக்கினால் சாய்வு அப்படியே இருக்கும். பெயர்ப் பட்டியலை எடுத்து, சமவாய்ப்பு எண்ணால் 60 பேரைப் பொறுக்கி, ஒவ்வொருவரையும் தேடிப்போய்க் கேட்டிருந்தால் ஒரு மதிய இடைவேளையில் வேலை முடிந்திருக்கும்.

வாட்ஸ்அப் குரூப்பில் ஓட்டெடுப்பு வைத்தேன், 300 பேர் ஓட்டு போட்டார்கள். எடுத்துக்கொள்ளலாமா?

அந்தக் குரூப்பில் அன்று போன் கையில் இருந்து, அந்த விஷயத்தில் சூடாகவும் இருந்த 300 பேரின் கருத்து என்று எடுத்துக்கொள்ளலாம். ஊரின் கருத்து என்று சொல்ல முடியாது.

சரி, சமவாய்ப்பாகத்தான் எடுக்கிறேன். எத்தனை பேரைக் கேட்டால் போதும்?

'ஆம், இல்லை' வகைக் கேள்விக்கு ஒரு கைக்கணக்கு இருக்கிறது. மாதிரியின் எண்ணிக்கைக்கு வர்க்கமூலம் எடுங்கள், ஒன்றை அதால் வகுங்கள். அதுதான் பிழை வரம்பு. 100 பேர் என்றால் பத்தில் ஒன்று, 10 சதவீதம். 400 பேர் என்றால் 5 சதவீதம். 2,500 பேர் என்றால் 2 சதவீதம். இப்படி 20 தடவை மாதிரி எடுத்தால் ஏறக்குறைய 19 தடவை உண்மை இந்த வரம்புக்குள் இருக்கும். மீதி ஒரு தடவை நம் கெட்ட நேரம்.

பிழையைப் பாதியாக்க நான்கு மடங்கு ஆட்களைக் கேட்க வேண்டும் என்பதைக் கவனியுங்கள். செலவு செய்கிறவர்கள் 400-லிருந்து 1,000-க்குள் நின்றுவிடுவதற்குக் காரணம் இதுதான்.

26 லட்சம் பேர் இருக்கிற கடலூர் மாவட்டத்துக்கும் 400, 7 கோடி பேர் இருக்கிற தமிழ்நாட்டுக்கும் 400-ஆ? நம்ப முடியவில்லையே.

யாருமே நம்புவதில்லை. 2011 கணக்கெடுப்பில் மாவட்டத்தில் 26,05,914 பேர், மாநிலத்தில் 7,21,47,030 பேர். 400 சமவாய்ப்பு ஆட்கள் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே 5 சதவீதப் பிழையைத்தான் தருவார்கள். நன்றாகக் கலக்கிய ரசத்தில் உப்பு பார்க்க வீட்டுச் சட்டிக்கும் ஒரு கரண்டி, கல்யாண அண்டாவுக்கும் ஒரு கரண்டி. மொத்தத்தின் அளவு குறுக்கே வருவது, மாதிரி மொத்தத்தில் பெரும்பங்கு ஆகும்போதுதான். 40 பேர் உள்ள வகுப்பில் 30 பேரைக் கேட்டால் பிழை கைக்கணக்கைவிட நன்றாகக் குறையும்.

ஆனால் தமிழ்நாட்டுக்கு எடுத்த 400-ஐ வைத்துக் கடலூரைப் பற்றிப் பேசக் கூடாது. அதில் கடலூர்க்காரர்கள் பதினாலு பேர்தான் இருப்பார்கள். செய்தியில் வரும் மாவட்டவாரிக் கணிப்புகளைப் பார்க்கும்போது நான் முதலில் தேடுவது இந்த எண்ணைத்தான், பெரும்பாலும் அதைப் போட்டிருக்க மாட்டார்கள்.

புதுச்சேரியில் சர்வே எடுப்பது தனிச் சிக்கல் என்று சொல்வீர்களே, ஏன்?

புதுச்சேரி ஒரே பானை இல்லை, நான்கு பானை. புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்க் கரையில், மாஹே கேரளக் கரையில், ஏனாம் ஆந்திராவுக்குள். 2011 கணக்கில் மொத்தம் 12,47,953 பேர்: புதுச்சேரியில் 9,50,289, காரைக்காலில் 2,00,222, ஏனாமில் 55,626, மாஹேயில் 41,816. மொத்தத்திலிருந்து குருட்டாம்போக்கில் 400 பேரை எடுத்தால் ஒரு தடவை மாஹேயிலிருந்து 6 பேர் வருவார்கள், இன்னொரு தடவை 20 பேர் வருவார்கள். வீட்டில் பேசும் மொழி பற்றிய கேள்வியாக இருந்தால் இந்த ஆட்டமே விடையை அசைத்துவிடும்.

அதனால் நான்கையும் தனித்தனி அடுக்காக வைத்து, மக்கள்தொகை விகிதப்படி 400-ஐப் பிரிக்கிறோம். 9,50,289-ஐ 12,47,953-ஆல் வகுத்து 400-ஆல் பெருக்கினால் 304.6, அதாவது 305 பேர். அதே போலக் காரைக்காலுக்கு 64, ஏனாமுக்கு 18, மாஹேக்கு 13. கூட்டிப் பாருங்கள், 400 வரும். ஒவ்வொரு ஊருக்குள்ளும் மறுபடி குலுக்கல்தான்.

அடுத்த கேள்வி எப்போதும் மாஹேயைப் பற்றி: 13 பேரை வைத்து அந்த ஊரைப் பற்றி என்ன சொல்வது? ஒன்றும் சொல்ல முடியாது. கைக்கணக்குப்படி பிழை 28 சதவீதம். மாஹேயைத் தனியாகப் பேச வேண்டும் என்றால் அங்கே 100 பேரைக் கேளுங்கள், தப்பில்லை. மொத்தக் கணிப்புக்குத் திரும்பும்போது மட்டும் அவர்களின் எடையை, அதாவது அவர்கள் பதிலுக்குக் கொடுக்கும் பங்கை, குறைக்க வேண்டும். ஏதோ ஒரு கேள்விக்கு மாஹேயில் 80 சதவீதமும் மற்ற இடங்களில் கேட்ட 387 பேரில் 40 சதவீதமும் 'ஆம்' என்றதாக வைத்துக்கொள்வோம். எல்லோரையும் ஒன்றாகக் கொட்டி எண்ணினால் 48 சதவீதம் வரும். மாஹேயின் உண்மைப் பங்கு 3.35 சதவீதம்தான் என்று எடை போட்டால் 41 வரும். சரியான விடை 41.

எங்கப்பா படகு வைத்திருக்கிறார். துறைமுகத்தில் ஒருத்தர் நோட்டோடு வந்து எங்கள் படகை மட்டும் பார்த்து எழுதிக்கொண்டு போகிறார். மற்ற படகுகளை ஏன் பார்ப்பதில்லை?

மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் நாட்டின் கடல் மீன் வரத்தை இப்படித்தான் கணிக்கிறது. கரையையும் நாட்களையும் அடுக்கடுக்காகப் பிரித்து, குலுக்கலில் வந்த நாளில் போய், வந்த படகுகளை எண்ணி, அவற்றில் சிலவற்றின் மீனை மட்டும் பார்த்துப் பெருக்குகிறார்கள். உங்கள் அப்பாவின் படகு அன்று அந்தத் துறையில் நிற்கிற பல படகுகளுக்காகப் பேசுகிறது. அதனால் 'ஏதோ கொஞ்சம் கெடச்சுது' என்று மழுப்பாமல் உள்ளதைச் சொல்லச் சொல்லுங்கள்.

படகு வகையைக் கலந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். ஒரு நாள் 40 ஃபைபர் படகும் 20 விசைப்படகும் வந்தன, ஃபைபருக்குச் சராசரி 35 கிலோ, விசைப்படகுக்கு 600 கிலோ என்று வைத்துக்கொள்வோம். தனித்தனியாகப் பெருக்கிக் கூட்டினால் 1,400-ம் 12,000-ம் சேர்ந்து 13,400 கிலோ. ஆனால் விசைப்படகில் மீன் இறக்கி முடிக்க நேரம் ஆகும் என்று சோம்பல்பட்டு, 11 ஃபைபரும் ஒரே ஒரு விசைப்படகும் பார்த்துவிட்டுப் போனால்? 12 படகில் 985 கிலோ, சராசரி 82, அதை 60-ஆல் பெருக்கினால் 5,000 கிலோகூட வராது. கணக்கு சரி, ஆனால் பாதி மீனுக்கு மேல் காணாமல் போய்விட்டது.

நாளும் அப்படித்தான். நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மே மாதத்தில் ஒரு நாள் பார்த்துவிட்டு அதை 365-ஆல் பெருக்கினால் கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில் விசைப்படகே இல்லை என்றாகிவிடும்.

ஊசுடு ஏரியில் எத்தனை மீன் இருக்கிறது என்று எண்ண முடியுமா? மொத்தமே தெரியாதபோது விகிதம் எப்படிப் போடுவது?

போடலாம், தலைகீழாக. சில மீன்களைப் பிடித்து அடையாளம் கட்டி விடுங்கள். கலந்து போகட்டும். மறுபடி ஒரு வலை போடுங்கள். வலையில் அடையாளம் உள்ளவை என்ன பங்கோ, ஏரியிலும் ஏறக்குறைய அதே பங்கு. டென்மார்க்கின் பீட்டர்சன் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மீன்களுக்கும், அமெரிக்காவின் லிங்கன் 1930-இல் வாத்துகளுக்கும் இந்த வழியில் போனார்கள். இருவர் பெயரையும் சேர்த்தே இன்று சொல்கிறார்கள்.

நாங்கள் இதைப் புளியங்கொட்டையில் செய்வோம். ஒரு தூக்குவாளி நிறையக் கொட்டை. அதில் 50-ஐ எடுத்து நகப்பூச்சு தடவி, உள்ளே போட்டுக் கலக்கி, கண் பார்க்காமல் 60 எடுப்போம். முதல் தடவை 60-இல் 14 சிவப்பு வந்தது. 50-ஐ 60-ஆல் பெருக்கி 14-ஆல் வகுத்தால் 214. வாளியைப் பார்த்தாலே அது பொய் என்று தெரிந்தது. விரலில் பிசுபிசுவென்று ஒட்டியபோதுதான் காரணம் புரிந்தது: பூச்சு காயவில்லை, சிவப்புக் கொட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாக வந்திருக்கின்றன. ஏரியிலும் இதே ஆபத்து உண்டு. அடையாளம் கட்டிய மீன்கள் விட்ட மூலையிலேயே கூட்டமாக நின்றால், அடையாளம் உதிர்ந்தால், நடுவில் மதகு திறந்து மீன் வெளியேறினால் கணக்கு கெட்டுவிடும்.

மறுநாள் காய்ந்த கொட்டையோடு எட்டுக் குழுக்கள் முறைவைத்து எடுத்தார்கள். ஒவ்வொரு குழுவும் எடுத்ததைத் திருப்பிப் போட்டுக் கலக்கிய பிறகே அடுத்த குழு. வந்த சிவப்பு: 5, 7, 6, 8, 4, 7, 9, 6. கணிப்புகள் 333-இலிருந்து 750 வரை சிதறின. 750 வந்த குழு அழாத குறை. எட்டுக் குழுவின் எடுப்பையும் சேர்த்தால் 480 கொட்டையில் 52 சிவப்பு. 50 பெருக்கல் 480, வகுத்தல் 52, ஏறக்குறைய 462. அப்புறம் தரையில் கொட்டிப் பத்துப் பத்தாக எண்ணினோம்: 473.

புயல் அடித்தால் சேதத்தையும் இப்படியே கணித்துவிடலாமே, வீடு வீடாக ஏன் அலைகிறார்கள்?

2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது பண்ருட்டிப் பக்கத்து முந்திரியும் பலாவும் சாய்ந்து கிடந்த கோலம் இங்கே யாருக்கும் மறக்காது. மொத்தம் எத்தனை மரம் போயிருக்கும், அரசு எவ்வளவு ஒதுக்க வேண்டும் என்பதற்குச் சில ஊர்களைக் குலுக்கிப் பார்த்தால் சீக்கிரமே நல்ல மதிப்பீடு கிடைக்கும். ஆனால் யார் கொல்லையில் எத்தனை மரம் என்பதை மாதிரி சொல்லாது. நூற்றுக்கு 40 மரம் விழுந்தது என்று சராசரி போட்டு ஆளுக்கு 40 மரத்துக்குப் பணம் கொடுத்தால், ஒன்றும் விழாதவருக்கும் கிடைக்கும், தோப்பே போனவர் தலையில் கை வைத்துக்கொண்டு நிற்பார். மொத்தம் அறிய மாதிரி போதும், நிவாரணம் கொடுக்க வீடு வீடாகத்தான் போக வேண்டும்.

இதை முதலில் செய்தது யார்?

ஒருவர் என்று சொல்ல முடியாது. பிரான்சின் கணித அறிஞர் லாப்லாஸ் 1802 வாக்கில் செய்தது எனக்குப் பிடித்தது. 30 மாவட்டங்களில் சிதறிய சில ஊர்களில் 20,37,615 பேரை எண்ணவைத்தார், அங்கே ஆண்டுக்குச் சராசரி 71,866 பிறப்பு. ஒரு பிறப்புக்கு 28.35 பேர். நாட்டில் ஆண்டுக்குப் பத்து லட்சம் பிறப்பு என்று கொண்டால் மக்கள்தொகை 2 கோடியே 83 லட்சம். ஊர்களை அவர் குலுக்கி எடுக்கவில்லை, பரவலாக எடுத்தார். நம் நாட்டில் புள்ளியியல் அறிஞர் மகலனோபிஸ் வங்காளத்துச் சணல் வயல்களில் 1930-களின் கடைசியில் தொடங்கி, 1950-இல் தேசிய மாதிரி ஆய்வு வரை கொண்டுவந்தார்.

பரீட்சையில் இந்தக் கணக்கில் மார்க் போவது எங்கே?

இரண்டு இடத்தில். 40 பேரில் 12 பேருக்குக் கண்ணாடி, 600 பேரில் எத்தனை என்றால், ஒரு பக்கம் 12/40 என்றும் மறுபக்கம் 600/க என்றும் எழுதி 2,000 பேருக்குக் கண்ணாடி போட்டுவிடுவார்கள். பள்ளியிலேயே 600 பேர்தான் இருக்கிறார்கள் என்று ஒரு தடவை பார்த்தால் போதும், 180 வந்துவிடும். இரண்டாவது, விடை 184.6 பேர் என்று வந்தால் அப்படியே எழுதிவைப்பது. 'ஏறக்குறைய 185 பேர்' என்று எழுதுங்கள். அந்த 'ஏறக்குறைய'வை மறந்தால் நான் அரை மார்க் குறைப்பேன், பள்ளியில் குறைக்க மாட்டார்கள்.